ஆழம் அளந்த ஊரில் உயரம் அளப்போம்

வீட்டில் உருவாக்கும் சிறு ட்ரோனுக்கு ஓர் எளிய உயரக் கட்டுப்பாட்டு மின்சுற்று

கர்நாடக மாநிலம் கோலார் தங்கவயலில் உள்ள சாம்பியன் ரீப்ஸ், உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களுள் ஒன்றைத் தன்னடியில் கொண்ட ஊர். அச்சுரங்கம் தரைமட்டத்திலிருந்து சுமார் 3.2 கிலோமீட்டர் வரை கீழிறங்கியது. தங்கவயல் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், சுரங்கத்தின் அடித்தளம் கடல்மட்டத்திற்குக் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் இருந்தது. தமிழகத்தின் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்தும் ஆந்திரத்தின் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் வந்து குடியேறிய உழைப்பாளர்களின் தலைமுறைகள் அந்த ஆழத்திற்கு நாள்தோறும் இறங்கி ஏறின.

அவர்களை ஏற்றி இறக்கிய இரும்புக் கூண்டினை இயக்கியவர், தரையின்மேல் இருந்த இயந்திரக் கூடத்தில் அமர்ந்திருந்தார். கூண்டு அவர் கண்ணுக்குத் தெரியாது. கூண்டு எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதை அவர் முன்னிருந்த ஆழங்காட்டியின் முள் கூறும். நிறுத்துவதா, ஏற்றுவதா, இறக்குவதா என்பதை மணியோசை கூறும். நிற்க வேண்டிய மட்டத்திற்கும் முள் காட்டும் மட்டத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, அவர் இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டுவார் அல்லது குறைப்பார். மட்டம் நெருங்க நெருங்க வேகத்தைத் தணிப்பார். அளத்தல், ஒப்பிடுதல், திருத்துதல் ஆகிய இம்மூன்று செயல்களின் இடைவிடாத சுழற்சியைப் பொறியியலில் பின்னூட்டக் கட்டுப்பாடு என்கிறோம்.

இன்று ஒரு மாணவர் தம் வீட்டு மேசையில் அமைக்கும் சிறு ட்ரோன் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் அசையாது நிற்க வேண்டுமாயின், அதனுள்ளும் இதே சுழற்சி நடைபெற வேண்டும். வேறுபாடு ஒன்றே. இயந்திர ஓட்டுநரின் இடத்தில் நகத்தளவே உள்ள ஒரு சில்லு அமர்ந்து, நொடிக்கு முப்பது முறை அந்தத் திருத்தத்தைச் செய்கிறது. அத்தகைய மின்சுற்று ஒன்றினை அமைக்கும் முறையையும், அக்கல்வி எவ்வகை வாழ்வாதாரத்திற்கு வழிகோலும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

அறிவியல் வளர்ந்த மண்

தங்கவயலுக்கு மின்னியல் புதிதன்று. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் 1902ஆம் ஆண்டிலேயே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பிவழிப் பயணம் செய்து இச்சுரங்கங்களை வந்தடைந்தது. 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அறிவியலாளர்கள், சாம்பியன் ரீப் சுரங்கத்தில் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை நிறுவி, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோத் துகள்களின் தடயங்களைப் பதிவு செய்தனர். பாறைகளின் இயல்பை ஆராயும் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனமும் இவ்வூரிலேயே தோன்றி வளர்ந்தது.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் அதிகாலைத் தொடர்வண்டிகளே இவ்வூரின் பல குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. நாள்தோறும் பல மணி நேரத்தைப் பயணத்தில் செலவிடும் இளைஞர்களுக்கு, ஊரிலிருந்தபடியே கற்கக்கூடிய, சிறு முதலில் தொடங்கக்கூடிய ஒரு கைத்திறன் பெரும் பயன் தரும். ட்ரோன் தொழில்நுட்பம் அத்தகைய திறன்களுள் ஒன்று.

ட்ரோன் ஏன் தானாக நிற்பதில்லை?

ட்ரோனின் எடையும் அதன் விசிறிகள் தரும் உந்துவிசையும் சமமாக இருந்தால் அது காற்றில் மிதக்கும். ஒருமுறை சமப்படுத்திவிட்டால் போதுமே என்று தோன்றலாம். உண்மையில் அந்தச் சமநிலை, ஊசிமுனையில் நிறுத்திய பந்து போன்றது. உந்துவிசை எடையைவிட ஒரு விழுக்காடு மட்டும் மிகுந்தாலும், ட்ரோன் 5 நொடிகளில் ஏறத்தாழ 1.2 மீட்டரும், 10 நொடிகளில் ஏறத்தாழ 5 மீட்டரும் மேலெழுந்துவிடும். ஒரு விழுக்காடு குறைந்தால் அதே அளவு கீழிறங்கும்.

மின்கலமும் ஒரே நிலையில் இருப்பதில்லை. ஒற்றை அறை லித்தியம் பாலிமர் மின்கலம் முழுமையாக மின்னேற்றிய நிலையில் 4.2 வோல்ட் தரும். பறக்கத் தொடங்கிய சில நிமிடங்களில் அது 3.7 வோல்ட்டாகவும், பின்னர் அதற்கும் கீழாகவும் குறையும். மின்னழுத்தம் குறையக் குறைய விசிறியின் வேகமும் குறையும். ஆகவே, முதல் நிமிடத்தில் ட்ரோனை நிறுத்தி வைத்த அதே கட்டளை, மூன்றாம் நிமிடத்தில் அதனைத் தரையிறக்கிவிடும். உயரத்தை அளந்து உடனுக்குடன் திருத்தும் சுற்று தேவைப்படுவதற்குக் காரணம் இதுவே.

உயரத்தை அளக்கும் இரு வழிகள்

முதல் வழி காற்றழுத்தம். மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. தங்கவயலின் உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 915 ஹெக்டோபாஸ்கல். ஒரு மீட்டர் மேலெழுந்தால் அது ஏறத்தாழ 0.1 ஹெக்டோபாஸ்கல் குறையும். பிஎம்பி280 போன்ற விலை குறைந்த உணரிகள் இந்த நுண்ணிய மாற்றத்தையும் அறியவல்லவை. ஆயினும் அவற்றின் பிழை ஒரு மீட்டர் வரை இருக்கக்கூடும். மேலும், நம் நாட்டில் வானிலை மாறாத நாளிலும் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் இடையே காற்றழுத்தம் சில ஹெக்டோபாஸ்கல் இறங்கும். இதனை உயரமாகக் கணக்கிட்டால், அசையாது தரையில் இருக்கும் உணரி இருபது, முப்பது மீட்டர் உயர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு முறையும் பறக்கத் தொடங்குமுன் தரையின் அழுத்தத்தைச் சுழியமாகக் குறித்துக்கொள்ள வேண்டும். விசிறிக் காற்றும் வெயிலும் நேரே படாதவாறு உணரியின்மேல் சிறு பஞ்சுத் துண்டு வைப்பது நலம்.

இவ்வூருக்கே உரிய ஒரு கணக்கும் இங்குண்டு. இந்த உணரி 1,100 ஹெக்டோபாஸ்கல் வரை மட்டுமே அளக்கும் வகையில் அமைக்கப்பட்டது. சாம்பியன் ரீப் சுரங்கத்தினுள் அதனை எடுத்துச் செல்ல இயலுமாயின், ஏறத்தாழ பாதி ஆழத்தைக் கடந்ததுமே காற்றழுத்தம் அதன் எல்லையைத் தாண்டிவிடும்.

இரண்டாம் வழி ஒளி. சிறிய லேசர் தொலைவு உணரி, கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்பைத் தரைநோக்கி அனுப்பி, அது திரும்பிவர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுகிறது. இரண்டு மீட்டர் வரை அளக்கும் வகையே தொடக்கநிலைக்குப் போதுமானது. வீட்டினுள் இது சென்டிமீட்டர் அளவில் துல்லியம் தரும். கருப்புத் தரை, கண்ணாடி, நேர் வெயில் ஆகியவை இதற்கு இடையூறு. முதன்முறை அமைப்போர் லேசர் உணரியுடன் தொடங்கி, பின்னர் காற்றழுத்த உணரியைச் சேர்ப்பது முறையாகும்.

மின்சுற்றின் அமைப்பு

தேவையான பொருள்கள்: இஎஸ்பி32 வகை நுண்கட்டுப்படுத்திப் பலகை ஒன்று, லேசர் தொலைவு உணரி ஒன்று, சிறு ட்ரோன்களில் பயன்படும் மோட்டார்களும் விசிறிகளும் நான்கு, குறைந்த மின்னழுத்தத்தில் இயங்கும் என்-வகை மாஸ்ஃபெட் நான்கு, ஷாட்கி டயோடு நான்கு, 100 ஓம் மின்தடை நான்கு, 10 கிலோ ஓம் மின்தடை நான்கு, மின்தேக்கி ஒன்று, 5 வோல்ட்டாக உயர்த்தித் தரும் சிறு பலகை ஒன்று, ஒற்றை அறை லித்தியம் பாலிமர் மின்கலம் ஒன்று. இவை அனைத்தும் சில ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும்.

மின்கலத்தின் நேர்முனையிலிருந்து ஒவ்வொரு மோட்டாரின் ஒரு முனைக்கும் கம்பி செல்கிறது. மோட்டாரின் மறுமுனை மாஸ்ஃபெட்டின் வடிகால் முனையிலும், மாஸ்ஃபெட்டின் மூலமுனை மின்கலத்தின் எதிர்முனையிலும் இணைகின்றன. மாஸ்ஃபெட் ஒரு மதகு போன்றது. நுண்கட்டுப்படுத்தி 100 ஓம் மின்தடை வழியாக அதன் வாயில் முனைக்கு அனுப்பும் சிறு குறிப்பு, மோட்டாரின் பெரும் மின்னோட்டத்தைத் திறந்து மூடுகிறது. நொடிக்கு 20,000 முறை இவ்வாறு திறந்து மூடும்போது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதே மோட்டாரின் வலிமையை முடிவு செய்யும். அறுபது விழுக்காடு என்றால், ஒவ்வொரு சுழற்சியிலும் அறுபது விழுக்காடு நேரம் மதகு திறந்திருக்கிறது என்று பொருள்.

மூன்று சிறு உறுப்புகளை எக்காரணம் கொண்டும் விட்டுவிடலாகாது. முதலாவது, வாயில் முனைக்கும் எதிர்முனைக்கும் இடையிலான 10 கிலோ ஓம் மின்தடை. நுண்கட்டுப்படுத்தி விழித்தெழும் கணத்தில் அதன் முனைகள் எந்நிலையிலும் இல்லாது மிதக்கும். அப்போது விசிறி திடீரெனச் சுழன்று விரலைப் பதம் பார்க்காதபடி இம்மின்தடை மதகை மூடி வைக்கிறது. இரண்டாவது, ஒவ்வொரு மோட்டாருக்கும் குறுக்காக, கோடிட்ட முனை நேர்முனையை நோக்கி இருக்குமாறு இணைக்கும் டயோடு. மதகு மூடும்போது மோட்டாரின் சுருளில் எழும் உயர் மின்னழுத்தம் மாஸ்ஃபெட்டைச் சிதைக்காமல் இது காக்கிறது. மூன்றாவது, மின்கலத்தின் இருமுனைகளுக்கும் இடையிலான மின்தேக்கி. இத்தகைய மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 2 ஆம்பியர் இழுக்கும். நான்கும் சேர்ந்து இழுக்கும்போது மின்னழுத்தம் ஒரு கணம் சரிய, நுண்கட்டுப்படுத்தி அணைந்து மீண்டும் தொடங்கும். நடுவானில் ட்ரோன்கள் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். மின்தேக்கியும், நுண்கட்டுப்படுத்திக்கெனத் தனியாக வைக்கும் 5 வோல்ட் பலகையும் இதனைத் தடுக்கும். மோட்டார்க் கம்பிகளைத் துளைப்பலகையில் செருகாமல், சற்றுத் தடித்த கம்பியால் பற்றவைத்து இணைக்க வேண்டும். அனைத்துப் பகுதிகளின் எதிர்முனைகளும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும்.

திருத்தும் கணக்கு

நிற்க வேண்டிய உயரம் 100 சென்டிமீட்டர் என்றும், மிதப்பதற்குத் தேவையான வலிமை 60 விழுக்காடு என்றும் கொள்வோம். உணரி 80 சென்டிமீட்டர் காட்டுகிறது. குறைவு 20. ஒவ்வொரு சென்டிமீட்டர் குறைவுக்கும் 0.2 விழுக்காடு கூட்டுவோமாயின், வலிமை 64 ஆகும். ட்ரோன் எழும். ஆனால் 100ஐத் தொடும்போது அது வேகத்துடன் இருப்பதால் தாண்டிச் செல்லும். பின்னர் கீழிறங்கித் தாழச் செல்லும். வேறுபாட்டை மட்டும் பார்க்கும் சுற்று ட்ரோனை ஊஞ்சலாக்கிவிடும்.

ஆகவே வேகத்தையும் கணக்கில் சேர்க்கிறோம். ட்ரோன் நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் எழுந்துகொண்டிருந்தால், ஒவ்வொரு அலகு வேகத்திற்கும் 0.3 விழுக்காடு வீதம் 3 விழுக்காட்டைக் கழிக்கிறோம். வலிமை 61 ஆகிறது. மட்டம் நெருங்கும்போது கூண்டின் வேகத்தைத் தணித்த ஓட்டுநரின் கை செய்த வேலையை இந்தக் கழித்தல் செய்கிறது. மூன்றாவதாக, மின்கலம் தளர்வதால் ட்ரோன் எப்போதும் ஓரிரு சென்டிமீட்டர் தாழ்ந்தே நிற்குமானால், அந்தச் சிறு குறைவுகளைத் தொடர்ந்து கூட்டி வைத்து, மெல்ல மெல்ல வலிமையை உயர்த்தும் ஓர் உறுப்பையும் சேர்க்க வேண்டும். அதற்கு ஓர் உச்சவரம்பு இடுவது கட்டாயம். இல்லையேல், கையால் பிடித்து வைத்திருக்கும் நேரத்திலும் அது கூட்டிக்கொண்டே சென்று, விட்டவுடன் ட்ரோனைக் கூரையில் மோதச் செய்யும்.

நூலேணியில் முதற் பறத்தல்

ட்ரோன் சாயாமல் சமநிலையில் இருப்பது தனிக் கலை. அதற்குச் சுழற்சி உணரிகளும் தனிக் கணக்கும் தேவை. உயரக் கட்டுப்பாட்டை மட்டும் முதலில் கற்பதற்குச் சுரங்கமே ஒரு வழி காட்டுகிறது. சுரங்கக் கூண்டு வழித்தடங்களைப் பற்றியே ஏறி இறங்கும். அதுபோலவே, கூரையிலிருந்து தரைவரை இரண்டு மீன்பிடி நரம்புகளை இழுத்துக் கட்டி, ட்ரோனின் இரு கைகளிலும் ஒட்டிய உறிஞ்சுகுழல் துண்டுகளின் ஊடாக அவற்றைச் செலுத்தினால், ட்ரோன் சாயாமல் மேலும் கீழும் மட்டும் செல்லும்.

முதலில் விசிறிகளைக் கழற்றிவிட்டு, உணரியின் அளவை நாடாவுடன் ஒப்பிட வேண்டும். பின்னர் ட்ரோனைக் கையால் மெல்ல உயர்த்திப் பார்க்க வேண்டும். உயர்த்தும்போது மோட்டாரின் ஒலி தணிந்தால் கணக்கு சரி. ஒலி மிகுந்தால் கூட்டல் கழித்தல் குறி மாறியுள்ளது என்று அறிந்து திருத்த வேண்டும். அதன்பின் விசிறிகளைப் பொருத்தி, வலிமையை ஒவ்வொரு விழுக்காடாக உயர்த்தி, தரையை விட்டு எழும் அளவைக் கண்டறிய வேண்டும். பின்னர் மூன்று திருத்தங்களையும் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால், எது எதனைச் செய்தது என்று விளங்காது.

சுரங்கக் கோபுரத்தின் உச்சியில் கூண்டு மோதிவிடாமல் தடுக்கத் தனிக் காப்புகள் இருக்கும். நம் சுற்றுக்கும் அவ்வாறே காப்புகள் வேண்டும். வலிமைக்கு ஓர் உச்ச எல்லை, உயரத்திற்கு ஓர் உச்ச எல்லை, உணரி பதில் தராவிடில் மோட்டாரைச் சட்டென நிறுத்தாது மெல்லத் தணித்துத் தரையிறக்கும் கட்டளை ஆகிய மூன்றும் முதல் நாளிலிருந்தே இடம்பெற வேண்டும்.

பாதுகாப்பும் விதிகளும்

லித்தியம் பாலிமர் மின்கலம் கவனத்துடன் கையாள வேண்டியது. அதற்கென அமைந்த மின்னேற்றியையே பயன்படுத்துக. தீப்பற்றாத தளத்தில் வைத்து, அருகில் ஆள் இருக்கும்போது மட்டும் மின்னேற்றுக. 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் வரை பறக்கவிடாதீர். உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தலாகாது. விசிறி சுழலும்போது கண்ணாடி அணிவது நன்று. சிறார் பெரியோர் மேற்பார்வையில் மட்டுமே இதனைச் செய்தல் வேண்டும்.

வெளியில் பறக்கவிடுமுன் 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளை அறிந்துகொள்ள வேண்டும். 250 கிராம் வரையுள்ளவை நானோ வகை. இவற்றை இயக்க ஓட்டுநர் உரிமம் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் உயர எல்லை 400 அடி, அதாவது சுமார் 120 மீட்டர். மஞ்சள், சிவப்பு மண்டலங்களில் முன்அனுமதி வேண்டும். தங்கவயலில் பொதுத்துறைத் தொழிற்சாலையும் சுரங்க நிலங்களும் இருப்பதால், அரசின் மின்தளத்தில் உள்ள வான்வெளி வரைபடத்தையும் பதிவு விதிகளையும் பார்த்த பின்னரே திறந்த வெளிக்குச் செல்க. மூடிய சுரங்கக் குழிகளின் அருகிலும் சயனைடு மேடுகளின் மீதும் சிறார் ட்ரோனைத் தேடிச் செல்லும் நிலை எழாதவாறு இடத்தைத் தேர்ந்தெடுப்பது பெற்றோரின் பொறுப்பு.

கைத்திறனிலிருந்து தொழிலுக்கு

உயரத்தை நிலைநிறுத்தும் இத்திறனுக்கு வயல்வெளியில் நேரடி மதிப்புண்டு. மருந்து தெளிக்கும் ட்ரோன் பயிருக்கு மேல் சில மீட்டர் உயரத்தில் சீராகச் செல்ல வேண்டும். மிக உயர்ந்தால் மருந்து காற்றில் அடித்துச் செல்லப்பட்டு அடுத்தவர் நிலத்தில் படியும். மிகத் தாழ்ந்தால் ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் விழும். தக்காளியும் மாம்பழமும் விளையும் கோலார் மாவட்டத்தில் இந்த வேறுபாடு உழவரின் செலவையும் விளைச்சலையும் நேரே தொடுவது. சுரங்கக் கழிவுமண் குவிந்த மேடுகளை வான்வழி அளந்து கன அளவு கணிக்கும் பணிக்கும் சீரான உயரமே அடிப்படை.

மத்திய அரசு 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்த நமோ ட்ரோன் தீதி திட்டம், 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வேளாண் ட்ரோன்கள் வழங்குவதை நோக்கமாகக் கொண்டது. ட்ரோன் தொகுப்பின் விலையில் 80 விழுக்காடு, உச்ச அளவாக 8 லட்சம் ரூபாய் வரை, மானியமாகும். எஞ்சிய தொகைக்கு வேளாண் உட்கட்டமைப்பு நிதியின்கீழ் கடன் பெறவும் வழி செய்யப்பட்டது. பழுதுநீக்கும் சிறு கூடம் அமைக்க விரும்புவோர் பிரதம மந்திரி முத்ரா திட்டத்தை எண்ணிப் பார்க்கலாம். இதில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரையிலும், கிஷோர் பிரிவு 5 லட்சம் வரையிலும், தருண் பிரிவு 10 லட்சம் வரையிலும் கடன் அளிக்கிறது. முந்தைய தருண் கடனை முறையாகத் திருப்பிச் செலுத்தியவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ் பிரிவு உண்டு. இவற்றின் நடப்பு விதிகளைக் கிளை அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்க. கடன் பெறுமுன், மாதத் தவணையையும் எதிர்பார்க்கும் மாத வருவாயையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுவது, ட்ரோனைப் பறக்கவிடுமுன் உணரியைச் சோதிப்பதற்கு ஒப்பானது.

உதிரிப் பொருள்களை இணையவழி வாங்குவோர் ஒன்றை நினைவில் கொள்க. பணம் பெறுவதற்கு யுபிஐ ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. திருப்பித் தருகிறோம் என்று கூறி அந்த எண்ணைக் கேட்பவர் ஏமாற்றுபவரே. இழப்பு நேர்ந்தால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

விடுமுறை நாள்களில் உங்கள் இல்லத்துப் பிள்ளைகளுடன் அமர்ந்து இச்சுற்றினை அமைத்துப் பாருங்கள். முதல் நாளிலேயே ட்ரோன் அசையாது நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டா. ஒவ்வொரு சோதனையின் எண்களையும் குறிப்பேட்டில் எழுதிவைக்கும் பழக்கம் மட்டும் முதல் நாளிலேயே தொடங்கட்டும். நிற்க வேண்டிய இடம் எது, இப்போது நிற்கும் இடம் எது, இடைவெளியைக் குறைக்க எவ்வளவு போதும் என்ற மூன்று வினாக்களையும் அஞ்சாது கேட்டுப் பழகிய பிள்ளை, பின்னாளில் எந்த இயந்திரத்தின் முன்னும் தயங்கி நிற்காது.